ஆணி அடிக்காத வீடு

ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் சாவியைக் கொடுத்த அன்று, கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"இன்னா வேணா பண்ணிக்கோம்மா. செவுத்துல மட்டும் ஆணி அடிக்கக் கூடாது."

கறி சமைக்கலாம், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கலாம், ஆணி மட்டும் ஆகாது. கடிகாரத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று என்று மூன்று ஆணிகளை அவரே முன்கூட்டி அடித்து வைத்திருந்தார். சாமி படத்துக்கான ஆணி சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தால் சாமி மறைந்துவிடுவார். அதைப் பற்றிப் பேச்சுக்கே இடமில்லை.

எனக்கோ வீட்டை அழகுபடுத்தும் வீடியோக்களைப் பார்க்கிற பைத்தியம். மதியம் வேலை முடிந்து உட்கார்ந்தால் ஒன்று மாற்றி ஒன்று ஓடும். எல்லாப் பெண்களும் சிரித்த முகத்தோடு, கையில் டிரில்லிங் மிஷினோடுதான் ஆரம்பிப்பார்கள். நான் ஆணியில்லாத வழிகளைத் தேடினேன். செங்கல் போலத் தெரியும் ஸ்டிக்கர் வாங்கி ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். ஓசூர்க் குளிருக்குப் பசை பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் என் செங்கல் சுவர், வெந்த தோசை ஓரம் எழும்புவதுபோல மேலிருந்து சுருண்டு இறங்கியிருந்தது.

என் கணவரும் நானும் விருதுநகர்ப் பக்கத்து ஆட்கள். அவர் இங்கே தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அழகு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: எந்தப் பொருளுக்கு எது இடமோ அதில் இருக்க வேண்டும். கம்பெனியில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இடம் குறிப்பதுபோல, எங்கள் வீட்டிலும் குப்பைக்கூடையைச் சுற்றி மஞ்சள் கட்டம் உண்டு. கூடை இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தாலும், "யாரு எடுத்தது?" என்று கேட்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

ஸ்டிக்கருக்குப் பிறகு, ஒட்டும் கொக்கி ஒன்றை நம்பி வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டினேன். மூன்று கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டாம் நாள் மதியம் கண்ணாடி விழுந்தது. கீழே துவைத்த துணிக் குவியல் கிடந்ததால் உடையவில்லை. ஆனால் விழுந்த சத்தத்துக்கு அக்கா படியேறி வந்துவிட்டார்.

"ஆணி அடிச்சியா?"

"இல்லக்கா, ஆணி அடிக்காததாலதான் விழுந்துச்சு."

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை என்று உறுதியானதும் சாவகாசமாக ஹாலைச் சுற்றிப் பார்த்தார். என் பழைய சுங்குடிச் சேலையில் தைத்த திரைச்சீலை, பெயின்ட் வாளியில் வைத்த செடி, மூங்கில் கூடையைக் கவிழ்த்துச் செய்த விளக்கு எல்லாவற்றிலும் கண் நின்றது.

"பாகுந்தி" என்றார்.

நன்றாக இருக்கிறது என்கிறார்; அக்காவின் தாய்மொழி தெலுங்கு. மூன்று மொழிகளுக்கும் அவரிடம் தனித்தனி வேலை உண்டு. பிடித்திருந்தால் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம், வாடகை கேட்கத் தமிழ். நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் தெலுங்கு அது.

பிறகு விஷயத்தைச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பெங்களூரில் இருக்கிறவர்கள். "எங்க ஊட்டு ஹாலயும் கொஞ்சம் பாத்துக் குடும்மா. டவுன் ஜனங்கோ, இன்னா நெனைப்பாங்களோ."

அதுவரை நான் கீழ் வீட்டு வாசலோடு திரும்பியவள். அன்றுதான் முதல்முறையாக உள்ளே போனேன். நான்கு சுவர்களிலும் ஆணிகள். நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். தக்காளிக்கு மருந்தடிக்கும் பம்பு ஒன்றில், அரிவாள் ஒன்றில், ஒன்பது வருடத்து உரக்கடைக் காலண்டர்கள் அடுக்காக இன்னொன்றில். கூரையை ஒட்டி முன்னோர்கள் வரிசையாகக் குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அதாம்மா மேல வேணான்னேன்" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். "எங்க மாமனாரு இருந்த வரைக்கும் கையில சுத்தி கெடச்சா சும்மா இருக்க மாட்டாரு. ஒரு ஊடாச்சும் ஓட்ட இல்லாம இருக்கட்டும்னு பாத்தேன்."

சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலை தூக்காமலே சொன்னாள்: "என்னத்தானே பாக்க வராங்க, செவுத்தயா?"

எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதை வெளியேற்ற வேண்டும் என்று வீடியோவில் சொல்வார்கள். அந்த வீடியோக்களில் அக்கா கிடையாது. பம்பை எடுத்தால், "நாளைக்கி மருந்து அடிக்கணும்" என்றார். காலண்டர்களை எடுத்தேன்.

"அக்கா, இதெல்லாம் முடிஞ்சு போன வருஷம்."

"பின்னால பசு கன்னு போட்ட தேதி எழுதி வெச்சிருக்கேன்."

இரண்டு வருடத்தை மட்டும் அவரிடம் விட்டுவிட்டு மற்றதைப் பரணுக்கு அனுப்பினேன். முன்னோர் படங்களைத் துடைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஷிப்டு முடிந்து வந்த என் கணவர் குறடோடு இறங்கினார். பிடுங்கிய ஆணிகளை நீளவாரியாகத் தட்டுகளில் பிரித்தார். துருப்பிடித்தவற்றைத் தனியே வைத்து, "இது ரிஜெக்ட்" என்றார். அத்தனை ஓட்டைகளிலும் பட்டி பூசித் தேய்த்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் ஸ்கேலோடு வருவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

மூன்று சுவருக்கு வெளிர் மஞ்சள், ஒரு சுவருக்கு மட்டும் செம்மண் நிறம் என்று நான் சொன்னதும் அக்கா வாயில் கை வைத்தார். "மண்ணு நெறத்துக்கா துட்டு குடுத்து பெயின்ட் வாங்கணும்? கொல்லில எவ்ளோ கெடக்குது!" ஆனாலும் விட்டார். பெயின்டர் ஒரே நாளில் முடித்துக்கொடுத்தார். மூலையில் நின்ற இரண்டு ராகி மூட்டைகளை ஹாலைவிட்டு வெளியே அனுப்ப முடியாது என்று அக்கா சொன்னதால், அவற்றை ஜன்னலுக்குக் கீழே படுக்க வைத்து, மேலே பலகை போட்டு, ஜமக்காளம் விரித்துத் திண்டு வைத்தேன். டியூப் லைட்டை அணைத்து, மூங்கில் கூடை விளக்கைக் கீழே கொண்டுவந்தேன். கடைசியில் என் கணவர் நாற்காலிகளின் கால் படும் இடங்களில் மஞ்சள் டேப்பை ஒட்டிவிட்டார். நான் பிய்க்கப் போனேன்.

"இருக்கட்டும். வர்றவங்க நாற்காலிய இழுத்து இழுத்துப் போட்டா உன் டிசைன் என்னாகும்?" என்றார். என் டிசைன் என்று அவர் சொன்ன சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க வீட்டில் இல்லை. சானமாவு காட்டோரத்தில் அவர்கள் நிலம். ராகி முற்றும் நேரத்தில் யானை இறங்கும் என்று காவலுக்கு அந்த நிலத்திலேயே தங்கிவிடுவார். ஞாயிறு காலை, தோளில் கம்பளியோடு வந்து வாசலில் நின்றவர், செருப்பைக் கழற்றாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாருங்க ஊட்டுல?"

"நாந்தான். உள்ள வா" என்றார் அக்கா.

அவர் வந்து ஜன்னலோரத் திண்டில் மெதுவாக உட்கார்ந்தார். ஜமக்காளத்தைத் தூக்கி, பலகைக்கு அடியில் கைவிட்டு அழுத்திப் பார்த்தார். "நம்ப ராகிதானே இது?" என்று கேட்டு நிம்மதியானார்.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நானும் என் கணவரும் பலகாரத்துக்கு உதவியாகச் சமையலறையில் நின்றோம். பையனின் அம்மா ஒவ்வொரு சுவராகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகா இருக்குது. ஆனா ஊட்டுப் பெரியவங்க படம் ஒண்ணுகூட காணோமே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை கன்னடத்தில் இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பெட்டியை இழுத்து, மேலாக இருந்த மாமனார் படத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். மாட்ட இடமில்லை. அத்தனை ஆணிகளையும் பிடுங்கியவரே படத்தை வாங்கி, செம்மண் சுவரில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாய்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்து நேராக்கினார். போதும், இறக்குங்கள் என்று யாரும் சொல்லாததால் அப்படியே நின்றார். பையனின் அம்மா கும்பிட்டார். மற்றவர்களும் எழுந்து கும்பிட்டார்கள்.

அப்போதுதான் பையன் தன் நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தான். அவனும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"சார், இந்த டேப் நீங்க ஒட்டினதா?" என்றான் என் கணவரிடம். "குவாலிட்டியா நீங்க?"

"ஆமா தம்பி" என்றார் அவர், படத்தை விடாமல். "நீங்க லைன கொஞ்சம் தாண்டி உக்காந்திருக்கீங்க."

சமையலறைக் கதவோரம் காபித் தட்டோடு நின்ற மகள் வெடித்துச் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, இன்னும் பலமாகச் சிரித்தாள். காபி சிந்தியது. பையன் திரும்பினான். அவளைப் பார்த்ததும் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். நான் வாரம் முழுக்க உழைத்த சுவரை இருவருமே பார்க்கவில்லை.

"ஆளு வெச்சி படம் புடிக்கிற ஊட்ட இப்பதான் பாக்கறேன்" என்று பையனின் அம்மாவும் சிரித்தார். மூன்றாம் நாள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அக்கா மாடியில் ஒரு ஆணி அடித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். எங்கே அடிப்பது என்று என் கணவர் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார். கீழே, கல்யாணம் முடிந்த மாதமே முன்னோர்கள் எல்லோரும் சுவருக்குத் திரும்பிவிட்டார்கள். கூடவே கல்யாணப் போட்டோவும் ஏறியது. என் செம்மண் நிறம் படங்களுக்கு நடுவே கோடு கோடாகத் தெரிகிறது. முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகு பார்த்துப் பார்த்து, அந்த வீட்டுக்கு அதுதான் பொருந்துகிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. ராகித் திண்டை மட்டும் அக்காவின் வீட்டுக்காரர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

போன வாரம் மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, இங்க ஹால் ஒரே இருட்டு. சோபாவ நகத்துனா வெளிச்சம் வரும், மாமியார் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. எங்க போடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

போனைச் சோபா பக்கம் திருப்பச் சொன்னேன். அதன்மேல் மாமியார் கால் மடக்கி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.