பக்கிள் போட்ட பெல்ட்

ரெபேக்கா எதையும் மறக்கமாட்டாள். தண்ணீர்க் குழாயில் தன் குடத்தைத் தள்ளிவிட்ட பக்கத்து வீட்டுக்காரியோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அந்த வீட்டுத் துக்கத்துக்குப் போனாள், அழுதாள், பேசாமல் திரும்பினாள். எனக்கு அவளைப் பிடிக்கும். மன்னிப்பதையெல்லாம் மற்றவர்கள் செய்யட்டும்.

தாராவியில் பை தைக்கும் பட்டறையில் பதினேழு வருஷமாக மெஷினில் உட்கார்கிறாள். ஒரே மகள் சுஜா, ஒன்பதாம் வகுப்பு. பெண்பிள்ளைகளை மலையேற்றத்துக்கு அழைத்துப்போகும் டென்சிலின் முகாமுக்கு மே மாதம் கர்ஜத் மலைப்பக்கம் போனவள், இடுப்பில் பெல்ட் கட்டிக் கயிற்றில் பாறை ஏறும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டாள்.

டென்சில் எங்கள் சர்ச்சுக்காரன்தான். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தான்.

"பிள்ளை சொன்ன பேச்சு கேக்கலக்கா. பெல்ட்டுல பக்கிள ஒழுங்கா போடல. நாங்க என்ன செய்ய?"

சந்து முழுக்க அதையே நம்பியது. கடைசியில் சுஜாவே, "நான்தான் சரியா போடலையோம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கே ரெபேக்கா டென்சிலிடம் போனாள். எலும்பு கூடிவிடும், பழி ஒட்டிக்கொள்ளும்.

அந்த பெல்ட்டைக் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றான். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த முகாமுக்கு அறிவிப்பு வந்ததும் அவனிடம் போய்க் குழைந்தாள்.

"கிழிஞ்சது, பிஞ்சது எல்லாத்தையும் அனுப்புங்க தம்பி. நான் சும்மாவே தைச்சுத் தாரேன்."

தாராவியில் பிறந்தவன் கிழிந்த எதையும் எறியமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சாக்கு நிறைய வந்தது. அடியில் கிடந்தது அந்த பெல்ட். ஆஸ்பத்திரியில் பக்கவாட்டில் கத்தரித்துக் கழற்றியது. அதனால் பக்கிளை யாரும் திறக்கவேயில்லை. சொல்லிக்கொடுத்த மாதிரியே வாரை இரண்டாம் முறை திருப்பி நுழைத்திருந்தாள் பிள்ளை. கயிறு மாட்டும் வளையத்தில்தான் தையல் விட்டிருந்தது. நூல் மக்கி, நகம் பட்டாலே உதிர்ந்தது.

ரெபேக்கா ஒரு தையல்கூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் பெற்றோர் கூட்டம். டென்சில் மைக்கில் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சாக்கை நடுவில் கொட்டினாள். சுஜாவின் பெல்ட்டைக் கைக்குக் கை அனுப்பினாள். எல்லாரும் பை தைக்கிற, செருப்பு தைக்கிற வீட்டுத் தாய்மார்கள். மக்கிய நூலை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு குவியலிலிருந்து வேறொன்றை எடுத்து டென்சிலிடம் நீட்டினாள்.

"இதுவும் அதே நூல்தான். கட்டிக்கிட்டு அந்த உத்திரத்துல ஒரு நிமிஷம் தொங்கிக் காட்டுங்க தம்பி. பெறவு எங்க பிள்ளைகள அனுப்புதோம்."

வாங்கினான். கட்டவில்லை. மின்விசிறிக்குக் கீழேயே நின்று வியர்த்தான். யாரும் அவனைக் காப்பாற்ற வரவில்லை. எனக்கு அது இனித்தது, மறைப்பானேன்.

சுஜா ஊன்றுகோலோடு முன்னால் வந்தாள்.

"பக்கிள் போடத் தெரியலையா அங்கிள்? நான் போட்டு விடுதேன்" என்றாள்.