திருகோணமலையில் நான் பூட்டிவிட்ட சாப்பாட்டுக் கடை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பின்னூட்டம். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளைப் படம் எடுத்துப் போன வருடம் ஒரு பதிவு போட்டிருந்தேன். அதில் ஒரு படத்தில் நீல நிறத் தகரக் கதவு இழுத்து மூடியிருக்கும். கதவு இடுக்கால் பார்த்தால் மேசைகளின்மேல் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருப்பது தெரியும். அதன் கீழே நான் எழுதியது இது: "எல்லோரும் புகழ்ந்த கணவாய்க் கறிக் கடை. தேடிப் போனால் பூட்டியாயிற்று. நல்லது எதுவும் நிலைப்பதில்லை." எழுதிவிட்டு என் எழுத்தை நானே இரண்டு முறை வாசித்து ரசித்ததும் ஞாபகம் இருக்கிறது.

சென்ற மாதம் அந்தப் படத்தின் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார். "இது வாப்பாட கடை. பூட்டேல்ல. நீங்க வந்தது வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். ஒண்டரைக்கெல்லாம் திறந்திட்டம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் திட்டவே இல்லை.

படத்தின் விபரத்தைத் தோண்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பகல் 12.40. அன்றே பதிவில் திருத்தம் போட்டேன். ஆனால் அதற்குள் அந்தப் படத்தைப் பலர் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அவற்றின் கீழே என் திருத்தம் இல்லை, என் ஒப்பாரி மட்டும் இருந்தது. அந்தக் கடைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நேரில் போய்ப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, கடை திறந்திருக்கிற படம் ஒன்று எடுத்து வருவது என்று முடிவு செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை 6.40க்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறினேன். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய 235 கிலோமீற்றர். பஸ் கட்டணம் 1,100 ரூபாய். திருகோணமலையில் இறங்கும்போது மணி 1.15. இடது பக்க யன்னலோரம் வெயில் சுடும், வலது பக்கம் இருங்கள்.

பஸ் நிலையத்துக்கு வெளியே முதலில் நம்மை வரவேற்பது மான்கள். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இந்த ஊரில் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். மரக்கறிக் கடை வாசலில் ஒன்று கோவா இலை தின்றுகொண்டிருந்தது. கடைக்காரப் பெண் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போதும், போ!" என்றார். அது போகவில்லை. முதல் படம் அதுதான்.

ஓட்டோவில் ஏறி, கணவாய்க் கறிக் கடையின் அடையாளம் சொன்னேன். சாரதி திரும்பிப் பார்த்தார்.

"அது பூட்டியாச்சு எண்டு ஆரோ நெட்டில போட்டிருந்தவங்களாம் அண்ணன். நான் இண்டைக்குக் காலமையும் அங்கதான் சாப்பிட்டனான்."

"அப்ப ஏன் ஆக்கள் நம்பினவை?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"சனம் கடையையா பாக்குது? ஃபோனைத்தானே பாக்குது."

ஒன்றரைக் கிலோமீற்றருக்கு 250 ரூபாய் வாங்கினார். அந்த வார்த்தைக்கு இன்னும் நூறு கொடுத்திருக்கலாம்.

கடை, துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒரு சிறு தெருவில் இருக்கிறது. அதே நீலக் கதவு, இம்முறை மேலே சுருண்டிருந்தது. எட்டு மேசை. கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைத் தொப்பி, கட்டமிட்ட சாரம். எல்லோரும் லத்தீப் நானா என்று கூப்பிட்டார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து சோறும் கணவாயும் கேட்டேன்.

அந்தக் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வறுத்த தூளில் பிரட்டி, கறுப்பாக, எண்ணெய் மினுங்க வந்தது. கணவாய் கொஞ்சம் கூட வெந்தால் றப்பர் ஆகிவிடும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும். இது பல்லுக்கு இதமாக வெட்டுப்பட்டது. பக்கத்தில் பருப்பு, வாழைக்காய்க் கறி, பொரித்த மிளகாய், ஒரு கிண்ணத்தில் பாரை மீன் சொதி. எல்லாமாக 650 ரூபாய். சத்தியமாக, இந்த வருடம் நான் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். ஆனால் எட்டு மேசையில் மூன்றில்தான் ஆள் இருந்தது. சோறு உள்ளே இறங்க இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. கை கழுவிக்கொண்டு நழுவிவிட்டேன்.

பின்னேரம் முழுக்க நடந்தேன். தைரியம் வரட்டும் என்றுதான் நடந்தது, ஆனால் இந்த ஊர் மனிதனைக் கவலைப்பட விடாது. மீன் சந்தையில் ஒருவர் தன் உயரத்துக்கு இருந்த சூரையைத் தூக்கிக் காட்டி, "எடுங்க, எடுங்க, முகமும் விழட்டும்" என்றார். துறைமுக வீதியில் இறால் வடை வண்டி ஒன்று, வடை 100 ரூபாய், எண்ணெயிலிருந்து நேரே கடதாசிக்கு. வீதியோர மதிலில் வரிசையாக உட்கார்ந்து பிளேன் டீ குடிப்பவர்களில் ஒருவர் தமிழிலும் அடுத்தவர் சிங்களத்திலும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எல்லாம் விளங்கியது. பின்னால் துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. இவ்வளவு அழகான நீரை வைத்துக்கொண்டு இவ்வளவு அலட்டாமல் இருக்கிற ஊர் வேறு இல்லை. கடற்படை முகாம் பக்கம் மட்டும் கமெராவைத் திருப்பாதீர்கள், கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

ஐந்தரை மணிக்குத் திரும்பவும் கடைக்குப் போனேன். தேநீர் சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நானா, நெட்டில உங்கட கடை பூட்டியாச்சு எண்டு எழுதினது நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஓ... நீங்களா அது?"

எனக்கு ஒரு கதிரையைக் காட்டினார். பிறகு ஆறுதலாகச் சொன்னார். "நிலாவெளிக்குக் குளிக்க வாற வேன்காரர் முந்தி ஃபோன் எடுத்துச் சாப்பாடு சொல்லுவாங்க. பள்ளிக்கூட லீவுல ஒருத்தரும் எடுக்கேல்ல. ஏன் எண்டு எனக்கு விளங்கேல்ல. ருசி குறைஞ்சு போச்சோ எண்டு நானே கறியை ருசி பாத்துப் பாத்து இருந்தன். மறுகா கனடாவில இருந்து ஒருத்தர் எடுத்தார். இங்க அரசாங்கக் கந்தோர்ல வேலை செஞ்ச ஐயா, பதினைஞ்சு வருசம் இந்த மேசையிலதான் சாப்பிட்டவர். என்ட குரலைக் கேட்டதும் அவருக்குக் கதை வரேல்ல. நான் மவுத்தாகிட்டன், அதாலதான் கடை பூட்டு எண்டு நினைச்சிருக்கார். பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லத்தான் எடுத்தவராம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"ஏன் தம்பி, பக்கத்துக் கடையில ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

இதற்குத்தான் நான் பயந்திருந்தேன். உண்மையைச் சொன்னேன். "அண்டைக்கு வெள்ளிக்கிழமை நானா. நான் வெள்ளியில மச்சம் சாப்பிடுறதில்லை, மரக்கறி மட்டும்தான். படம் மட்டும் எடுப்பம் எண்டுதான் வந்தனான். சாப்பிட வந்திருந்தா நிண்டு விசாரிச்சிருப்பன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. என் வெள்ளிக்கிழமையை மறக்காமல் வைத்திருந்த நான், அவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. முஸ்லிம் மக்களோடு ஒரே மொழி பேசி ஒரே தீவில் நாற்பது வருடம் இருந்தவனுக்கு இது மன்னிக்கக்கூடிய மறதி இல்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "நாளைக்கும் வெள்ளிதான். நில்லுங்க. ஒண்டரைக்கு வாங்க, திறக்கிறதை எடுங்க" என்றார்.

டச்சு விரிகுடாப் பக்கம் ஓர் அறை எடுத்தேன், 4,500 ரூபாய், மின்விசிறி மட்டும். மறுநாள் பகல் 12.10க்கே கடைக்கு எதிரே இருந்த வேம்பின் கீழ் போய் நின்றுகொண்டேன். உள்ளே தரையைக் கழுவிக் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்தார்கள். நானா கதவை இழுத்து மூடிவிட்டுப் பள்ளிவாசலை நோக்கி நடந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்று, 12.40க்கு அதே படத்தை மீண்டும் எடுத்தேன். அச்சில் வார்த்த மாதிரி அதே படம். இந்த முறை போய்விடாமல் நின்றேன்.

1.20க்குத் தெரு நிறைந்தது. வெள்ளைச் சட்டைகள், சைக்கிள்கள், அத்தர் வாசம். நானா வந்து குனிந்து ஒரே வீச்சில் கதவை மேலே தள்ளினார். அந்த நொடியைத்தான் கீழே பெரிதாகப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து இந்தப் படத்தை எடுத்துப் பகிருங்கள். என் பெயர் வேண்டாம்.

விடைபெறப் போனேன். "எங்க போறீங்க? இருங்க" என்றார். வெள்ளிக்கிழமை, ஒரு தேநீரோடு எழும்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவர் கல்லாவுக்குக் கீழேயிருந்து துணியில் சுற்றிய ஒரு பாத்திரத்தை எடுத்து வந்து என் முன் வைத்து அவிழ்த்தார். தேங்காய் ரொட்டி, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், சிவந்த சம்பல்.

"வீட்டில இருந்து வந்தது. உங்களுக்கு எழுதின மகள்தான் செஞ்சா. கடைச் சட்டி ஒண்டும் தொடேல்ல, தம்பி. சம்பலுக்கு மாசிக் கருவாடும் போடேல்ல."

நான் ரொட்டியைப் பிய்த்தேன். கண் கலங்கியதைச் சம்பலின் உறைப்பில் போட்டுச் சமாளித்தேன். அவர் அதை நம்பியதுபோல் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: காலைச் சாப்பாடு 6.30 முதல், கணவாய் பகல் 11.30க்குப் பிறகு, இரண்டு மணிக்குமேல் அநேகமாக முடிந்துவிடும். பத்துப் பேருக்குமேல் போனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பகல் போய் இறங்கினால் நீலக் கதவு மூடியிருக்கும். போய்விடாதீர்கள். எதிரே வேம்பு இருக்கிறது, நல்ல நிழல். ஒன்றரை மணிக்குள் அவர் வந்துவிடுவார்.