அண்ணனைத் தாங்கிய சுவர்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் தரைத்தளம் எனக்கு, மாடி என் அண்ணனுக்கு. பாகம் பிரிக்கும்போது நடுவில் இருக்கிற காங்கிரீட் தளம் யாருக்கு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அது கூரை, அவனுக்கு அது தரை. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று ஆரம்பித்த சண்டையில் நாங்கள் பேச்சை நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மனைவிமார் மட்டும் தினமும் பேசிக்கொண்டார்கள், அதுவும் பெரும்பாலும் எங்களைத் திட்டி.

என் மனைவிக்குச் சமையலறைச் சுவரைக் கண்டாலே ஆகாது. அதை எடுத்துவிட்டால் கூடமும் சமையலறையும் ஒன்றாகிவிடும். அடுப்படியில் நின்றபடியே டிவியையும் பார்க்கலாம், என்னையும் கண்காணிக்கலாம். மேஸ்திரி முண்டியம்பாக்கத்துக்காரர். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது சும்மா நிக்கிற செவுரு இல்ல. மாடிய இதான் தூக்கிக்கினு நிக்குது. மொதல்ல சவுக்குக் கம்பு வச்சி முட்டு குடுக்கணும். அப்பாலதான் செவுத்துல கை வைக்கணும், இரும்பு கர்டர ஏத்தணும். நான் வர்ற வரைக்கும் ஒரு செங்கல்லக்கூட தொடாதீங்க."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வேலை தொடங்குகிற நாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. "கர்டரும் கம்பும் ஏத்திக்கினு வர்லாம்னு விழுப்புரம் வந்தேன் சார். வண்டி கெடைக்கல. ஒரே பேஜாரு."

மனைவி காலண்டரைப் பார்த்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது. அதற்கப்புறம் ராகு காலம். "ஏங்க, சாஸ்திரத்துக்கு மூணே மூணு அடி நீங்களே அடிச்சிடுங்க. வேல ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும்."

மேஸ்திரி முன்னாலேயே கொண்டுவந்து போட்டிருந்த சம்மட்டி மூலையில் கிடந்தது. எடுத்து ஓங்கி அடித்தேன். சம்மட்டி எகிறித் திரும்பி என் முட்டியைத்தான் உடைக்கப் பார்த்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"செவுத்துக்கு வலிச்ச மாதிரி தெரியலயே" என்று சிரித்தாள்.

இரண்டாவது அடியில் ஆபீஸ் மேனேஜரை நினைத்துக்கொண்டேன். பூச்சு பெயர்ந்தது. மூன்றாவது அடியில் அண்ணனை நினைத்தேன். அங்கேதான் எண்ணிக்கை தப்பியது. செங்கல் உள்ளே சரிந்த அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்படியொரு ருசி. அடித்தேன், மிதித்தேன், கையால் பிடுங்கி எறிந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "போதுங்க, போதுங்க" என்று அவள் கத்தியது எங்கோ அடுத்த தெருவில் கேட்ட மாதிரி இருந்தது. எருமை ஒன்று தாராளமாக நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்த பிறகுதான் கை நின்றது.

அப்போது தலைக்கு மேலே "டப்" என்றது.

கூரையில் ஒரு விரிசல். மூலையில் புறப்பட்டு, என் கண் முன்னாலேயே நடுவரைக்கும் ஓடியது. மணல் உதிர்ந்து என் வழுக்கையில் விழுந்தது. அடுத்து நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கையாலும் கூரையைத் தாங்கிப் பிடித்தேன்.

"எறங்குங்க, ஸ்டூல் ஒடஞ்சிடும்!" என்றாள் மனைவி. உடனே அவள் பார்வை மேலே போனது. "ஐயோ, மேல மல்லாட்டை மூட்டைங்க! அக்கா வேற அங்கதான் உக்காந்துக்கினு ஒடைச்சிக்கினு இருக்காங்க!"

பிரம்மதேசம் பக்கம் அண்ணனுக்கு நிலம். விலை ஏறட்டும் என்று மொத்த வேர்க்கடலை மகசூலையும் சரியாக எங்கள் சமையலறைக்கு மேலே அடுக்கி வைத்திருந்தான். அந்த மூட்டைகளுக்கு நடுவில் அண்ணி.

வாசலுக்கு ஓடி, வெளிப்படிக்கட்டின் கீழே நின்று கத்தினேன். "அண்ணா! மூட்டைய எறக்கு! ஜல்தி!"

அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "எங்க வூட்டு மூட்டைய எறக்கச் சொல்ல நீ யாருடா?"

"செவுரு ஒடஞ்சிபோச்சிண்ணா!"

"ஒடஞ்சிதா, ஒடச்சியா?"

"ஒடச்சேன்."

கடப்பாரையோடு இறங்கி வந்தான். என் பின்னால் மனைவி புறப்பட்டு மாடிக்கு ஓடியதை நான் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் கடப்பாரை மேல். உள்ளே வந்தவன் ஓட்டையைப் பார்த்தான், விரிசலைப் பார்த்தான். கடப்பாரையைப் பத்திரமாகச் சுவரோரம் சாய்த்து வைத்தான். எனக்கு இரும்பு அதிகம் என்று நினைத்தான் போல. கையாலேயே ஓங்கி ஒரு அறை விட்டான். காதுக்குள் கொய்யென்றது. நான் அவன் பனியனைக் கிழித்தேன். அவன் என்னைச் செங்கல் குவியலில் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தான். ஒருவனுக்கு சுகர், ஒருவனுக்கு பிரஷர்; இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்க உருண்டோம். என் மூக்கிலிருந்து வந்த ரத்தம் அவன் கையெல்லாம் ஆனது.

"எம் பொண்டாட்டி மேல இருக்காடா! என்னைய கொல்லணும்னா கொல்லு. அவ இன்னாடா பண்ணா ஒனக்கு?"

ஓங்கிய என் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

தொம்! வீடே அதிர்ந்தது. மறுபடி, தொம்! தளம் விழுகிறது என்று இரண்டு பேரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பாய்ந்தோம். எனக்கு முன்னால் அண்ணன் அங்கே இருந்தான்.

விழுந்தது தளமில்லை. எங்கள் மனைவிமார் இருவரும் மூட்டைகளை இழுத்து வந்து வெளிப்படிக்கட்டில் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் மல்லாட்டை சிதறிக் கிடந்தது.

"அடிச்சிக்கினது போதும், வந்து தூக்குங்க!" என்று அண்ணி மேலேயிருந்து அலறினாள்.

திருடர்களைப் போல ஓரமாக, வெறுங்காலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்ச மூட்டைகளை இறக்கினோம். கடைசி மூட்டையோடு அண்ணியும் இறங்கி வந்தாள். மத்தியானம் வந்த மேஸ்திரி கூரையை ரொம்ப நேரம் பார்த்தார். "மூணே அடின்னு அம்மா போன்ல சொன்னாங்களே, யாரு சார் எண்ணுனது?" என்று மட்டும் கேட்டார்.

கம்புகள் காடு மாதிரி நின்றன. இரண்டு முனையிலும் தூண் எழுப்பி, கர்டரை ஏற்றி, இடுக்கில் சிமென்ட் திணித்து, விரிசலையும் அடைத்து, காயவிட்டார்கள். முட்டு எடுக்கிற நாளில் அண்ணன் கூப்பிடாமலே வந்தான்.

"நான் மேல போய் நடுவுல உக்கார்றேன். இவன் நேரா கீழ நிக்கட்டும். வுழுந்தா இவன் மேலதான் வுழுவேன்."

"மேலயும் கீழயும் ஆரும் இருக்கக் கூடாதுங்க" என்றார் மேஸ்திரி. அண்ணி அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தாள். அவன் கேட்கவில்லை, ஏறிவிட்டான். அவன் மேலே உட்கார்ந்த பிறகு நான் எப்படி வெளியே போவது? நின்றேன். வாசலுக்கு எத்தனை எட்டு என்று கணக்குப் போட்டேன். என் தொப்பையோடு அது ஆகாது என்று விடை வந்தது.

கம்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக் கம்பு மட்டும் அசையவில்லை. மேஸ்திரி சம்மட்டியால் அதன் அடியில் ஒரே போடு போட்டார். கம்பு எகிறிப் போய் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. திடீரென்று மேலே தொம்மென்றது. எழுந்து நின்று குதித்திருக்கிறான்.

"டேய், உசுரோட இருக்கியா?"

"இருக்கேண்ணா."

பிறகு முன்னைவிடப் பலமாகக் குதித்தான்.