வால்புர்கா கொடுக்காத நாற்று

ஜெர்மனியில் எங்கள் ஹாலர்டா பகுதியில் எங்களுக்குச் சோறு போடுவது ஹாப்ஸ் கொடிதான். பியருக்குக் கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. என் தோழி வால்புர்கா அந்தக் கொடியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். அவள் தம்பி கோர்பினியான் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான்.

பிஞ்சு நாற்றின் இலையில் ஒரு பொட்டு கிள்ளி, மரபணுவைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. வாடல் நோயைத் தாங்கும் வம்சமென்றால் ஒரு குறி தெரியும். குறி இல்லாத நாற்றெல்லாம் குப்பைக்குப் போகும். முன்பு இதற்கு, கொடி கம்பியேறி வாடுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் அவளுக்குத் தன் வேலையில் பெருமை. ஞாயிற்றுக்கிழமை பன்றி வறுவலைச் சாப்பிட்டபடியே, குறி தெரிந்த புதுக்கொடி ஒன்றைப் பற்றித் தம்பியிடம் ஓயாமல் பேசினாள்.

அந்தக் கோடையில் கோர்பினியானின் கொடிகள் அடியிலிருந்து மஞ்சளாகித் தொங்கின. அவன் நேரே அக்காவிடம் வந்தான்.

"நோய் மண்ணுல எறங்கிடுச்சு, புர்கி. பழைய ரகத்த இனி நட முடியாது. அந்தப் புதுக்கொடியில நாலு துண்டு குடு, நானே பெருக்கிக்கிறேன்."

"முடியாதுடா. வயல் சோதனை இன்னும் பாக்கி இருக்கு."

"குறி வந்துடுச்சுன்னு குதிச்சியே!"

"குறி இருந்த இன்னொண்ணு மூணாம் வருஷமே செத்துச்சு. உன் தோட்டத்துல அப்படி ஆனா?"

"என் தோட்டத்துல இனி ஆக என்ன இருக்கு? செத்தப்புறம் சொர்க்கம்னு பாதிரியார் மாதிரி பேசாத!"

அவள் கொடுக்கவில்லை. சோதனை முடியாததை வெளியே கொடுக்கக் கூடாது என்ற நிலைய விதியும் அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் விதியைவிடத் தன் கணிப்பு தம்பி தோட்டத்திலேயே பொய்த்துவிடுமோ என்ற பயம்தான் தன்னைத் தடுத்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

கோர்பினியான் கம்பங்களைப் பிடுங்கினான். நிலத்தை மக்காச்சோளத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இங்கோல்ஷ்டாட் நகரத்தில் கார் தொழிற்சாலை வேலைக்குப் போனான். அக்காவோடு சண்டை போடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவான், ஹாப்ஸைத் தவிர எல்லாம் பேசுவான்.

பல ஆண்டு சோதனையில் அந்தக் கொடி ஒருமுறைகூட வாடவில்லை. பெயர் வைத்து வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்தார் பலர் நட்டார்கள். அதில் காய்ச்சிய முதல் பியரை வால்புர்காவே தம்பி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அவன் முகர்ந்துவிட்டுக் குடித்தான். "நல்லாருக்கு. லேசா எலுமிச்ச வாசம் வருது." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம மண்ணுல இது நின்னிருக்குமா?" என்றான்.

அவளுக்குப் பொய் வரவில்லை. "நின்னிருக்கும்."

"சரி. மிச்சத்த நீ குடி. நான் வேலைக்குப் போகணும்."

தோட்டத்தைத் திரும்பப் போடலாம், நாற்றை நானே தருகிறேன் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். முதுகு போச்சு என்று சிரித்து மழுப்பிவிட்டான்.

ஒருநாள் நான் கேட்டேன்: "தம்பிகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டா என்ன?"

"நான் செஞ்சது தப்புன்னா எப்பவோ கேட்டிருப்பேனே," என்றாள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். அறுவடை தொடங்கி ஊரெல்லாம் ஹாப்ஸ் மணக்கும்போது மட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைப் பக்கம் போய்விடுகிறாள்.