அக்காள் காய்ச்சிய எண்ணெய்

முதலாண்டுத் திதிக்கு வந்து எங்களோடு இலையில் அமரும் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் இந்தச் சிறு நினைவு மலரைத் தருகிறோம். மறைந்தவர் என் உடன்பிறந்த தமக்கையார். இதைப் பெறுகிறவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அவர் கைகளைத் தெரியும். அவர் வாழ்க்கை தெரியாது. பத்திரிகையில் பிறருடைய மரணச் செய்திகளை எழுதிப் பழகியவன் நான். கூட்டி எழுதினால் மறுநாளே யாராவது அச்சுக்கூடத்துக்கு வந்து கேட்பார்கள். இங்கும் அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே கடலோர ஊர் ஒன்றில் அக்காள் பிறந்தார். தாயை நாங்கள் சிறு வயதிலேயே இழந்ததால், எனக்குச் சோறு ஊட்டியவரும் அடித்தவரும் அவர்தான். மணமாகி அத்தானோடு சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். பின்னால் என்னையும் வரவழைத்துக்கொண்டார். சிராங்கூன் சாலையை ஒட்டிய மாட்டுக் கொட்டில்களுக்கு அருகே ஒரே வீட்டில் குடியிருந்தோம். அங்கே சாணி நாற்றமும் ரிக்‌ஷா மணியும் ஓய்வதில்லை.

அத்தான் கட்டை வண்டி ஓட்டினார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அரிசி மூட்டைகளை ஏற்றி இறக்கியே அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. மாலையில் அவர் குப்புறப் படுக்க, அக்காள் எண்ணெயைச் சூடாக்கி முதுகை நீவி விடுவார். உடம்பு பிடித்துவிடுவதை அக்காள் யாரிடமும் கற்கவில்லை. அத்தான் போடும் முனகலை வைத்தே எந்த இடத்தில் அழுத்தலாம், எந்த இடத்தில் கூடாது என்று கண்டுகொண்டார். “வண்டி மாட்டுக்குக்கூட இந்த உபசாரம் கெடயாது மச்சான்,” என்று அத்தான் தரையில் கன்னத்தை வைத்தபடியே என்னிடம் சொல்வார். “மாடு சொன்ன பேச்சக் கேக்கும்,” என்பார் அக்காள்.

எனக்குத் திருமணமாகி என் மனைவி ஊரிலிருந்து வந்தாள். முதற் பிரசவம் அந்த வீட்டில்தான் நடந்தது. ஆண் குழந்தை. அது அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள், குளிர்ந்த நீரையும் தெளித்துப் பார்த்தாள். பிறகு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து என் மனைவி பேசவில்லை. அழவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் உதட்டைத் திறக்கமாட்டாள். காய்ச்சல் வேறு கண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். காய்ச்சல் தணிந்துவிடும் என்றும், அவளைத் தனியே விடவேண்டாம் என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னதை ஏன் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. அத்தான் அதன் வாயில் வண்டிப் பலகையைப் போட்டு மூடினார். வேலையிலிருந்து வந்தால் அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருப்பேன். வாசலில் யாருடைய நிழலாவது விழுந்தால், வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதோ என்று கை நின்றுவிடும்.

டாக்டர் சொன்னபடியே காய்ச்சல் தணிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றவேண்டும் என்று அக்காள் சொன்னார். அங்கேதான் தகராறு தொடங்கியது. பக்கத்து வீட்டில் இருந்த என் மனைவியின் பெரியம்மா குறுக்கே நின்றார். எங்களுக்குக் கெட்டது நினைப்பவர் அல்லர். அந்த நாட்களில் எங்கள் எல்லாருக்கும் உலை வைத்துச் சோறு போட்டவர் அவர்தான்.

“சாவு விழுந்த வீட்டுல எண்ணெய தொடுவாங்களாம்மா? காரியம் முடியட்டும்.”

பிள்ளைப்பேறும் இழவும் ஒரே நாளில் வந்த வீடு எங்களுடையது. பிறப்புக்கு எண்ணெய் கட்டாயம், இறப்புக்கு எண்ணெய் விலக்கு. ஊராயிருந்தால் எது சரி என்று சொல்லப் பெரியவர்கள் இருந்திருப்பார்கள். நான் கோயில் குருக்களைக் கேட்டேன். பிறக்கும்போதே போன குழந்தைக்கு இழவுத் தீட்டு இல்லை என்றார் அவர். மார்க்கெட் தெருவில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். முழுத் தீட்டும் உண்டு என்றார் இவர். மூன்றாவது ஆளைத் தேடிப் புறப்பட்டேன்.

“நீ பத்திரிகைக்குச் சேதி சேக்கிற மாதிரி நாலு பேரக் கேட்டுக்கிட்டே இரு தம்பி,” என்றார் அக்காள். “நான் அடுப்ப மூட்டுறேன்.”

பெரியம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். அக்காள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துத் திரும்பினார்.

“தீட்டு காக்கணும்னு நமக்குத் தெரியுது பெரியம்மா. அவ உடம்புக்குத் தெரியலயே. பால் ஊறிக்கிட்டே இருக்கு. புள்ள இல்லன்னு அதுக்கு யாரு போயிச் சொல்றது?”

பெரியம்மா திரும்பித் தம் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மனம் மாறிப் போனாரா, கோபித்துக்கொண்டு போனாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஏதாவது தப்பாக நேர்ந்தால் பழி அக்காள் தலையில் விழும் என்பது மட்டும் தெரிந்தது. அக்காளுக்கும் அது தெரிந்திருந்தது. ஓமம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை அவர் கிண்ணத்தில் ஊற்றியபோது கொஞ்சம் தரையில் சிந்தியது.

வயிற்றையும் மார்பையும் தொடவில்லை. உள்ளங்காலில் தொடங்கினார். கெண்டைக்கால், முழங்கால், பிறகு விரல் விரலாகக் கை, கடைசியில் முதுகும் பிடரியும். தேய்க்கும்போது ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அத்தானுடைய குறட்டை, மீன்காரியின் அடாவடி, எதிர்வீட்டுக்காரர் வாங்கிவந்த உதவாத மாடு என்று ஊர்க்கதைதான் பேசினார். கேட்பவள் கேட்கிறாளா என்று பார்க்கவும் இல்லை. பின்கட்டில் குடியிருந்த மலாய்க்கார அம்மாள் அனலில் சுட்ட கல்லைத் துணியில் சுற்றி எடுத்துவந்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போவார். இப்படியே தினமும் நடந்தது. பலன் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மா சொன்னதையே கேட்டிருக்கலாமோ என்று நான் பயந்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். அக்காள் மறுநாளும் எண்ணெயைக் காய்ச்சினார்.

ஒரு நாள் பிற்பகல், கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அக்காளின் பேச்சு நடுவில் நின்றது.

“அழுத்தாதீங்க அண்ணி. வலிக்குது.”

என் மனைவியின் குரல்தான்.

“வலிக்கட்டும்,” என்றார் அக்காள். “இப்பயாச்சும் வாயத் தொறந்து சொன்னியே.”

அதன் பிறகுதான் என் மனைவி அழுதாள். கிண்ணத்து எண்ணெய் ஆறும்வரை அழுதாள். அக்காள் கையை எடுக்கவில்லை. கிணற்றின் மேல் உட்கார்ந்திருந்த அத்தான் சத்தம் கேட்டு எழுந்து நின்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். பிறகும் வெகுநாள்வரை அந்தப் பலகையை எடுக்கவில்லை.

எண்ணெயால் காய்ச்சல் போயிற்று என்று நான் எழுதமாட்டேன். அது டாக்டருடைய மருந்தால் போயிற்று. எண்ணெயால் துக்கம் போயிற்று என்றும் எழுதமாட்டேன். அது இன்னும் இருக்கிறது. தன் உடம்பு தனக்கே வேண்டாதது என்று ஒதுங்கிக் கிடந்தவளை, அது வேண்டும் என்று இன்னொருவர் கை தினமும் வந்து தொட்டது. நான் பார்த்தது அவ்வளவே. அன்று மாலை அவள் கஞ்சி குடித்தாள்.

பிறகு அந்தத் தெருப் பெண்கள் அக்காளைத் தேடி வந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் வந்தார்கள், சுமந்து சுமந்து கழுத்துப் பிடித்தவர்கள் வந்தார்கள், காரணம் சொல்லத் தெரியாமல் தூக்கம் வராதவர்களும் வந்தார்கள். இவர்களுக்கு முதலில் உள்ளங்கையைத்தான் பிடித்துவிடுவார். கை இளகினால் வாய் தானே திறக்கும் என்பார். காய்ச்சலோ கொதிக்கும் வீக்கமோ இருந்தால் தொடமாட்டார்; ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். எங்களுக்கு அடுத்துப் பிறந்த மகளையும் மகனையும் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து வளர்த்தவர் அவர்தான்.

சென்ற ஆண்டு அவருக்குக் கால்கள் வீங்கின. மூச்சு வாங்கியது. கால்களைத் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், என் மனைவி அவர் கைகளை மட்டும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். “அழுத்திப் பிடிடீ, வலிக்கல,” என்பார் அக்காள். ஒரு காலை நேரத்தில், அவள் கையில் தம் கை இருக்கும்போதே அவர் மூச்சு அடங்கியது.

இறுதி நாட்களில் வந்து பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த வண்டிக்காரத் தோழர்களுக்கும், பின்கட்டு அம்மாளுக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்த அச்சுக்கூடத்தாருக்கும், மனைவியை இழந்த நிலையிலும் எங்களைத் தேற்றிக்கொண்டிருக்கும் அத்தானுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

பெரியம்மாவுக்குத் தனியே நன்றி சொல்லவேண்டும். அக்காள் மறைந்த அன்று உடலைக் குளிப்பாட்டும் முன் எண்ணெய் வைக்கும்போது, கிண்ணம் பெரியம்மா கையில்தான் இருந்தது. இறந்தவர்க்குப் புறங்கையால் தொட்டு வைப்பதுதான் நம் வழக்கம்; உள்ளங்கையால் தேய்ப்பது உயிரோடிருப்பவர்க்கு. பெண்கள் வரிசையாக அப்படியே வைத்தார்கள். என் மனைவி மட்டும் உள்ளங்கையை நீட்டினாள். பெண்கள் பெரியம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பெரியம்மா கிண்ணத்தைச் சாய்த்து, அந்த உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றினார்.

“சூடு போதுமான்னு பாத்துக்க,” என்றார்.