கறுத்துப்போன ஒன்றரை வருஷம்

தானே புயல் அடித்து ஓய்ந்தபோது நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் நின்ற மரங்களில் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்திருந்தன. அடுத்து வந்த கோடையில் குவார்ட்டர்ஸ் தெருக்களில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கோடையில்தான் நான் கறுக்க ஆரம்பித்தேன். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"மரமெல்லாம் போச்சுல்ல டீச்சர், வெயில் நேரா மண்டையில இறங்குது," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில், கரியை ஏற்றிப்போகும் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட். கல்யாணமானதும் மதுரையிலிருந்து அவரோடு நெய்வேலிக்கு வந்தவள் நான்.

கறுப்போடு களைப்பும் வந்தது. பல் துலக்கிவிட்டு ஐந்து நிமிடம் கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது. சேலைக்கு மடிப்பு வைப்பதற்குள் கை தொங்கிவிடும். உடம்பு இளைத்து ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்தேன். சோற்றைக் கண்டால் குமட்டும். ஆனால் உப்பைக் கண்டால் நாக்கு ஊறும். அடுக்களையில் யாருமில்லாதபோது ஜாடியிலிருந்து கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். நார்த்தங்காய் ஊறுகாயின் அடியில் தேங்கும் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரேயரில் பிள்ளைகள் முன்னாலேயே விழுந்தேன். கண் விழித்தபோது தலைமையாசிரியை விசிறிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், விசேஷமா?" என்று காதோரம் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

அன்று ஒரு கிளினிக்கில் குளுக்கோஸும் சலைனும் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் எழுந்து நடந்தேன். பசித்தது, இட்லி சாப்பிட்டேன். டாக்டர் சிரித்தார். "பாத்தீங்களா? ஒண்ணுமில்ல. வேளைக்குச் சாப்பிடுறதில்ல, அவ்வளவுதான்."

அது என் தலையெழுத்துபோல ஆகிவிட்டது. வாந்தி, மயக்கம், டிரிப்ஸ், உடனே தேறுதல். நாலாம் நாள் திரும்பப் படுக்கை. தேறிய முகத்தோடுதான் ஒவ்வொரு டாக்டர் முன்னாலும் போய் உட்கார்ந்தேன். தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஒருவர் குடற்புண் என்றார், ஒருவர் சத்துக்குறைவு என்றார். ஐந்தாவது டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார். "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?" கடலூரில் ஒரு மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வீடு வந்து சேர்ந்ததும் சண்டை வெடித்தது.

"எத்தனை டாக்டரத்தான் பாக்குறது? அஞ்சு பேருமா தப்பாச் சொல்வாங்க?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஒரு வாரம் அவருக்குச் சோற்றை எடுத்து மூடிவைத்துவிட்டு நான் போய்ப் படுத்துவிடுவேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து கொல்லைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் கணுக்களில் படியும் கரி சோப்புக்குப் போகாது. தேங்காயெண்ணெய் தேய்த்துத் துண்டால் துடைத்தால்தான் போகும். காயப்போட்ட துணியை எடுக்க நான் போனேன். "இங்க வா, கையக் காட்டு," என்றார். எண்ணெய்த் துண்டை என் கணுக்களில் வைத்துத் தேய்த்தார். அவர் கை வெளுத்துவிட்டிருந்தது. என் கை அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"வலிக்குதுங்க."

துண்டு அவர் கையிலிருந்து நழுவியது. "வெயில்லயும் கரியிலயும் வேலை பாக்குற எனக்கே போயிருது," என்றார் மெதுவாக. "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்."

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "கடலூருக்கும் போவோம்," என்றார். "அவரும் பாக்கட்டும்."

எனக்குப் போகவே பயம். அந்த டாக்டரும் மனசுதான் என்று எழுதிவிட்டால் அத்தோடு முடிந்தது. பிறகு நான் என்ன சொன்னாலும் அது நோயின் பேச்சாகிவிடும். பஸ்ஸில் போகும்போதே இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். காத்திருந்த இடத்தில் பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை. அங்கே வேலை செய்த அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்தார். "டாக்டரு கூப்புடறாரு. அவசரம் இல்லீங்க, செவுத்தப் புடிச்சிக்கினு மெதுவா வாங்க. இன்னாங்க இது, கை ஐஸாட்டம் இருக்குது!"

உள்ளே இருந்தவர் வயதானவர். முக்கால் மணி நேரம் கேட்டார். தூக்கம், பள்ளிக்கூடம், கணவர், ஏன் குழந்தை இல்லை, எல்லாம். ஒரு கட்டத்தில் என்னால் தாங்க முடியவில்லை. "உப்புத் திங்கிறேன் சார். பைத்தியம்தானே இது?" என்று அழுதுவிட்டேன். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தேன்.

"கைய அப்படியே வைங்க," என்றார்.

உள்ளங்கையை விளக்குப் பக்கம் திருப்பினார். ரேகைகள் மையால் கோடு போட்டதுபோல் கறுத்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னார். ஈறிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்க்கப் போனார். அதற்குள் எனக்குக் கண் இருண்டுவிட்டது. கணவர் தாங்கிப் பிடித்தார்.

"வெயில் வாய்க்குள்ள அடிக்காதும்மா," என்றார் டாக்டர். "இது நான் பாக்குற வியாதி இல்ல. இன்னிக்கே பாண்டிச்சேரி போங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க."

அன்று மாலையே பாண்டிச்சேரியில் ஹார்மோன் டாக்டர் ஒருவர் என்னைச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு மதியம் வந்தது. சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் ஏறக்குறைய செத்துவிட்டன என்றார். உடம்பில் உப்பை நிறுத்திவைக்கும் சுரப்பு அங்கிருந்துதான் வரவேண்டும். டிரிப்ஸில் உப்பு ஏறியதும் நான் எழுந்து நடந்ததற்கு அதுதான் காரணம். அந்தச் சுரப்பிகளைத் தட்டியெழுப்ப மூளை அனுப்பிக்கொண்டே இருந்த இன்னொரு சுரப்புதான் தோலைக் கறுக்கவைத்ததாம். என் சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. அப்பாவுக்கு. அவரோடு கூடவே படுத்துத் தூங்கியவள் நான். அந்தக் கிருமி உள்ளே தங்கிச் சுரப்பிகளைத் தின்றிருக்கலாமாம். "இன்னும் ஒரு நல்ல காய்ச்சல் வந்திருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்," என்றார்.

பயப்படுவதற்குப் பதில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நோய்க்கு ஒரு பேர் இருந்தது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் இன்றுவரை மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

அந்தச் சுரப்புக்குப் பதிலாகக் கொடுத்த மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் யாரையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறினேன். கறுப்பு போக மாதங்கள் ஆயின. முழுக்கப் போகவும் இல்லை. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. வாந்தி பேதி வந்தால் மாத்திரை தங்காது. உடனே அதே மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த ஊசியைப் போட என் கணவர் சாத்துக்குடியில் பழகினார். அவ்வளவு பெரிய இயந்திரங்களோடு வேலை செய்கிற மனுஷன் அந்தச் சின்ன ஊசியை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பழத்தில் குத்துவார்.

மறு வருஷம் ஒரு ஞாயிறு மதியம் அது தேவைப்பட்டது. காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. பதினொரு மணிக்குமேல் என் பேச்சு குழறியது. அவர் மருந்தைக் கலக்கி, தொடையில் குத்தி, என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். தூங்கவிடக் கூடாது என்று யாரோ சொன்னது அவருக்கு நினைவு.

"உன் கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க?"

"முப்பத்தெட்டு."

"அட்டெண்டன்ஸ் எடு. ஒவ்வொரு பேராச் சொல்லு."

நான் பதிவேட்டு வரிசையில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பேருக்கும் அவர் "உள்ளேன் டீச்சர்" என்றார். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பதாவது பேரில் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.