ஆளுக்கு ஒரு தடவை

குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வது ரஹ்மத்துல்லாவின் வேலை. அந்தத் தரகு அலுவலகத்தில் அவர் முதலில் கிண்ணம் கழுவத்தான் சேர்ந்தார். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கழுவுவதற்கு முன் மிச்சத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். இப்போது நாளைக்கு இருநூறு கிண்ணம். கரண்டியால் உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பி, தரம் சொல்லிவிட்டு நகர்வார். ஒரே கிண்ணத்துக்கு இரண்டாம் தடவை போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

ரம்ஜான் முடிந்த மாதத்தில் அவர் மனைவி சுரையாவுக்குத் தூக்கம் போனது. பிறகு பசியும் போனது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பாத்திரத்தை ஏற்றாமல் அப்படியே நிற்பாள். அடிக்கடி அழுவாள். வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் தேடித் தேடி ரஹ்மத்துல்லா ஓய்ந்துபோனார்.

"அத்தா, அம்மாவ யார்கிட்டயாச்சும் காட்டுங்க" என்றாள் திருப்பூரில் இருக்கும் மகள் நாஜ்னீன்.

யாரிடம் என்பதுதான் தெரியவில்லை. முதலில் குன்னூரிலேயே, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் போனார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "இது என் கைக்கு மிஞ்சினதுங்க, டாக்டரைப் பாருங்க" என்றார். திடமில்லாத ஆள் என்று ரஹ்மத்துல்லா ஒதுக்கினார்.

அடுத்து ஊட்டியில் காயத்ரி என்ற சைக்காலஜிஸ்ட். ஒரு மணி நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு சுரையா வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நான் அழுதேன்."

மாத்திரையும் இல்லை. சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதக் கூடாதாம். அழவைக்க ஒரு படிப்பா என்று அவரையும் தள்ளினார்.

மூன்றாவதாக, அதே ஊரில் மனநல மருத்துவர் சரத். அவர் மாத்திரை எழுதினார். "பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும். நடுவுல நிறுத்தாதீங்க." ஐந்து நாளில் சுரையாவுக்குக் குமட்டல்தான் வந்தது, முகம் மாறவில்லை. ஆறாம் நாள் ரஹ்மத்துல்லா மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூரில் வேறு ஆள் விசாரிக்கத் தொடங்கினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் செருப்பு மாட்டும்போது சுரையா கேட்டாள்: "ஏனுங்க, நான் இல்லாட்டியும் நாஜ்னீனை நல்லாப் பாத்துக்குவீங்கல்ல?"

பால் வாங்கியாச்சா என்று கேட்கிற குரல். ரஹ்மத்துல்லா செருப்பைக் கழற்றினார். அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அலுவலகத்தில் தேநீர் வடிக்கும் அம்புரோஸுக்குப் போன் செய்தார். அம்புரோஸின் அக்காவுக்கும் இப்படி இருந்து குணமானது அவருக்குத் தெரியும்.

"சுரையா, தான் இல்லாட்டியும்னு என்னமோ பேசறா. கோயமுத்தூர்ல நல்ல டாக்டர் யாராச்சும் சொல்லு."

"இதுவரைக்கும் யாரைப் பாத்தீங்க பாய்?"

சொன்னார்.

"ஆளுக்கு எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"மூணு பேரையும் துப்பிட்டு வந்திருக்கீங்க! அவங்க என்ன டஸ்ட் டீயா பாய்? எங்கக்கா ஒரே டாக்டர்கிட்ட ரெண்டு வருசம் போச்சு. மாத்திரை குடுத்தவர்கிட்டயே இப்பவே கூட்டிட்டுப் போங்க. அவங்க இப்படிச் சொன்னாங்கன்னு முதல்ல அதைச் சொல்லுங்க. தனியா விட்றாதீங்க."

டாக்ஸியில் ஊட்டி போய்ச் சேரும்வரை அவர் சுரையாவின் மணிக்கட்டை விடவில்லை.

மாத்திரையை நிறுத்தியதை ஒப்புக்கொண்டபோது டாக்டர் திட்டவில்லை. சுரையாவின் பக்கம் திரும்பி, "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டார். இதை இவ்வளவு நேராகக் கேட்கலாம் என்று ரஹ்மத்துல்லாவுக்குத் தெரியாது. சுரையா ஆமாம் என்று தலையசைத்தாள்.

டாக்டர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார், கொடுப்பது ரஹ்மத்துல்லாவின் பொறுப்பு. மகளை வரவழைக்க வேண்டும், வீட்டில் யாராவது எப்போதும் கூட இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை தன்னிடம் காட்ட வேண்டும். "மாத்திரை ஒரு பக்கம். மனசுவிட்டுப் பேசவும் ஒருத்தர் வேணும். யார்கிட்டப் பேசறீங்க?"

"அந்த சைக்காலஜிஸ்ட் பொண்ணு வேண்டாங்க டாக்டர், அது..."

"நான் அவங்களைக் கேட்டேன்."

சுரையா சொன்னாள்: "காயத்ரிகிட்ட. அந்தப் பொண்ணு மட்டுந்தான் என்னை அழாதேன்னு சொல்லல."

இரண்டு மாதமாக 'அழாதே' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர் ரஹ்மத்துல்லா.

நாஜ்னீன் வந்து வீட்டில் தங்கினாள். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் டாக்டரைப் பார்த்த பிறகு, காயத்ரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன பேசினாய் என்று சுரையாவிடம் ஒருமுறை கேட்டார். "உங்களைப் பத்திக் குறை சொல்லல, பயப்படாதீங்க" என்றாள். நான்காம் வாரமும் முகம் மாறவில்லை. கோயமுத்தூர் டாக்டரின் எண்ணைப் போனில் எடுத்துப் பார்த்துவிட்டு மூடினார். ஐந்தாம் வாரம் அவள் விடியும்வரை தூங்கினாள். ஏழாம் வாரம், பஸ்ஸில் திரும்பும்போது, தானாகவே பேசினாள்.

"அடுத்த வாரம் நாஜ்னீன் கூட வரட்டும். நீங்க வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க வெளிய உக்காந்திருந்தா, சீக்கிரம் முடிக்கணும்னே தோணுது."

"டாக்டரைக் கேக்கணுமே."

"கேட்டுட்டேன். மக கூட வந்தாச் சரின்னாரு."

இன்னும் எத்தனை வாரம் போக வேண்டியிருக்கும் என்ற கேள்வி அவருக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "சரி" என்றார்.